அழகான வாம்பயர் எங்கிருந்து வந்தது?

என் அக்காவின் மகளுக்கு 15 வயது. வாம்பயர் தொடர் ஒன்றை இரவிரவாகப் பார்த்து முடித்துவிட்டு, அடுத்த நாள் காலை என்னிடம் வந்து கேட்டாள்: “மாமா, ஏன் வாம்பயர் எல்லாரும் இவ்வளவு வடிவா இருக்கினம்?”

“வடிவில்லாட்டி ஆர் பாக்கிறது?” என்று பகிடியாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. யோசித்துப் பாருங்கள். வாம்பயர் என்பது புதைகுழியிலிருந்து எழுந்து வரும் பிணம். பிணம் எழுந்து வந்தால் ஓடத்தான் வேண்டும். அதன் மேல் காதல் எப்படி வந்தது? அந்த அழகை அதற்குக் கொடுத்தது யார்?

சில வாரங்கள் தேடி வாசித்தேன். கிடைத்த பதில் நான் நினைத்ததை விடக் கனமாக இருந்தது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றி. தமிழில் வாம்பயரை ‘இரத்தக் காட்டேரி’ என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதப் போவதில்லை. காட்டேரி, தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் படையல் வைத்து வணங்கும் தெய்வம். கப்பலேறிக் கயானாவுக்குப் போன தமிழர்கள் அங்கும் அவளைக் கொண்டு போனார்கள். வாம்பயருக்கும் அவளுக்கும் உறவில்லை. இதே குழப்பம் மறுபக்கமாகவும் நடந்திருக்கிறது. 1870-இல் றிச்சர்ட் பேர்ட்டன் என்ற ஆங்கிலேயர் விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியபோது, வேதாளத்தை ‘வாம்பயர்’ ஆக்கிவிட்டார். மரத்தில் தொங்கிக்கொண்டு புதிர் போடும் நம் வேதாளத்துக்கு இரத்தம் தேவையில்லை. சரியான பதில் கிடைத்தால் போதும், மறுபடியும் மரம் ஏறிவிடும். எனவே வாம்பயரை அது பிறந்த இடத்திலேயே போய்ப் பார்ப்போம்.

சப்பாத்துக் கேட்டு வந்த பிணம்

1718-இல் ஒஸ்திரியாவுக்கும் ஒட்டோமன் துருக்கியருக்கும் நடந்த போர் முடிந்தது. வட சேர்பியா ஒஸ்திரியாவின் கைக்கு வந்தது. புதிய நிலத்தை ஆள அதிகாரிகளும் படை வைத்தியர்களும் போனார்கள். அங்கே கிராமத்து மக்கள் சவக்காலையில் செய்த சில காரியங்களைக் கண்டு திகைத்தார்கள். திகைத்ததை அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மேற்கு ஐரோப்பா வாம்பயரை அறிந்துகொண்டது இந்த அரசாங்க அறிக்கைகளால்தான்.

1725-இல் கிசிலியேவோ என்ற கிராமத்தில் பேதர் பிளகோயெவிச் என்ற விவசாயி இறந்துபோனார். அவரைப் புதைத்துச் சில வாரங்களில், எட்டே நாட்களுக்குள் 9 பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாள்தான் நோயில் கிடந்தார்கள். இறந்துபோன பேதர் இரவில் வந்து தங்கள் மேல் படுத்துக் கழுத்தை நெரித்ததாகச் சாகுமுன் சொன்னார்கள். அவருடைய மனைவியோ, அவர் வீட்டுக்கு வந்து தன் சப்பாத்தைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றது ஊர். அந்தப் பகுதியின் ஒஸ்திரிய அதிகாரி ஃபுரோம்பால்ட், பெல்கிறேட்டிலிருந்து அனுமதி வரட்டும் என்றார். அதுவரை ஊரே அழிந்துவிடும், இல்லாவிட்டால் நாங்கள் ஊரைவிட்டுப் போகிறோம் என்றார்கள். அவர் இறங்கி வந்தார். தோண்டினார்கள். உடல் அழுகவில்லை; முடியும் நகமும் வளர்ந்திருந்தன; பழைய தோல் உரிந்து புதுத் தோல் தெரிந்தது; வாயில் இரத்தம் இருந்தது. நெஞ்சில் கூரான மரக்கட்டையை அடித்தார்கள். பிறகு எரித்தார்கள். இதையெல்லாம் எழுதிய ஃபுரோம்பால்ட், இதில் ஏதாவது பிழை நடந்திருந்தால் அது என் குற்றமல்ல, பயத்தில் நிலைகுலைந்த கூட்டத்தின் குற்றம் என்று முடித்திருந்தார். என் வேலையில் ஒரு சேர்வர் விழுந்துவிட்டால் காரணம் கேட்டு அறிக்கை எழுதச் சொல்வார்கள். கடைசி வரி எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

1732 ஜனவரியில் இதைவிடப் பெரிய அறிக்கை ஒன்று வந்தது. மெட்வெஜா என்ற கிராமத்தில் மூன்று மாதங்களில் 17 பேர் இறந்திருந்தார்கள். யோகான் புளூக்கிங்கர் என்ற படை வைத்தியர் போய்ச் சவக்குழிகளைத் திறந்து பார்த்து, ஒவ்வோர் உடலாகக் குறித்து எழுதினார். அந்த அறிக்கை ஐரோப்பா முழுதும் பரவியது. ‘வாம்பயர்’ என்ற சொல் லண்டன் பத்திரிகைகளுக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

அவர்கள் கண்டது பொய்யல்ல. இன்று பிரேதப் பரிசோதனை செய்யும் எந்த வைத்தியரும் அதை விளக்குவார். இறந்த உடலில் வாயு சேர்ந்து அது ஊதும். மெலிந்தவர்கூடச் சாப்பிட்டுக் கொழுத்ததுபோலத் தெரிவார். அந்த அழுத்தத்தில் சிவந்த நீர் வாய்க்கும் மூக்குக்கும் ஏறும். மேல்தோல் உரிந்தால் அடியில் இருப்பது புதுத் தோல் மாதிரித் தெரியும். விரல் தோல் சுருங்கும்போது நகம் நீண்டதுபோல இருக்கும். குளிர்ந்த மண்ணில் அழுகுவதும் மெதுவாகத்தான் நடக்கும். கட்டையை அடிக்கும்போது உள்ளே இருந்த காற்று தொண்டை வழியாக வெளியேறினால் பிணம் முனகுவதுபோலக் கேட்கும்.

கிராமத்து வாம்பயரின் உருவம் இதுதான்: ஊதிச் சிவந்த உடல், சவச் சேலை, வாயோரம் இரத்தம். வெளிறிய முகமும் கறுப்புக் கோட்டும் அங்கே இல்லை. அது தேடி வருவது சொந்த வீட்டுக்கும் சொந்த ஊருக்கும். இறந்த கணவன் மனைவியின் படுக்கைக்கு வந்த கதைகளும், அப்படிப் பிறந்த பிள்ளைக்கு வாம்பயரைக் கண்டுபிடிக்கும் சக்தி உண்டு என்ற நம்பிக்கையும் பால்கன் நாடுகளில் உண்டு. ஆனால் அங்கேயும் மயக்கம் இல்லை. தன்னுடையது என்று நினைத்ததை எடுக்க வருகிறான், அவ்வளவுதான். அந்தக் கதைகளின் அடியில் இருப்பது தொற்றுநோய். முதலில் ஒருவர் இறக்கிறார், பிறகு அவரோடு இருந்தவர்கள் இறக்கிறார்கள். கிருமி என்ற ஒன்றை யாரும் அறியாத காலத்தில், முதலில் போனவர்தான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று ஊர் நினைத்தது.

1755-இல் ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா, தன் வைத்தியர் கெரார்ட் ஃபான் சுவீட்டனின் ஆலோசனைப்படி, வாம்பயர் என்று சொல்லிப் பிணங்களைத் தோண்டுவதையும் எரிப்பதையும் தடை செய்தார். அரசாங்கத்தின் கோப்பு மூடப்பட்டது. ஆனால் அதற்குள் வாம்பயர் சவக்காலையை விட்டு வேறு ஓரிடத்துக்குப் போய்விட்டிருந்தது: கவிஞர்களின் மேசைக்கு.

“மாட்டேன்” என்ற பெண்ணுக்கு ஒரு மிரட்டல்

1748-இல் லைப்சிக்கில் வெளிவந்த ஓர் அறிவியல் இதழில் வாம்பயர் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. அதனோடு ஒரு சிறு கவிதையையும் சேர்த்துப் போட்டார்கள். எழுதியவர் ஹைன்றிஹ் ஓகுஸ்ட் ஓசன்ஃபெல்டர். வாம்பயரைப் பாடிய முதல் கவிதை என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

அதில் ஓர் இளைஞன் பேசுகிறான். அவன் விரும்பும் பெண் அவனை ஏற்கவில்லை. அவள் பக்தியுள்ளவள், தாய் சொல்லைத் தட்டாதவள். அவன் சொல்கிறான்: உன்னைப் பழிவாங்குவேன், நீ தூங்கும்போது வாம்பயராக வந்து முத்தமிடுவேன். அப்போது நீ நடுங்குவாய். நான் தரும் பாடம் பெரிதா, உன் அம்மா தந்த பாடம் பெரிதா என்று அன்று கேட்பேன்.

நான் இதை இரண்டு முறை வாசித்தேன். வாம்பயரும் முத்தமும் முதன்முதலாக ஒன்றுசேர்ந்த இடம், “மாட்டேன்” என்று சொன்ன ஒரு பெண்ணை மிரட்டும் இடம். பிற்காலத்தில் வந்த எல்லா அலங்காரத்துக்கும் அடியில் இது கிடக்கிறது. அவள் தூங்கும்போது யன்னல் வழியாக வந்து நிற்பவனை இன்றைய கதைகள் காதலன் என்கின்றன.

கொரிந்து நகரத்து மணப்பெண்கள்

மயக்கும் பேய்ப் பெண்களின் கதைகள் இதைவிடப் பழையவை. கிரேக்க எழுத்தாளர் ஃபிலொஸ்திராத்தோஸ், ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் ஒரு கதையை எழுதி வைத்தார். கொரிந்து நகரத்தில் மெனிப்போஸ் என்ற இளைஞன், பணமும் அழகும் உள்ள ஒரு பெண்ணை மணக்கப் போகிறான். திருமணத்துக்கு வந்த ஞானி அப்பொல்லோனியஸ் அவள் யாரென்று வெளிப்படுத்துகிறார். வீட்டிலிருந்த பொன்னும் வெள்ளியும் வேலைக்காரரும் மறைந்துபோக, தான் ஒரு பேய் என்பதையும், அவன் உடலைத் தின்னவே இன்பம் காட்டிக் கொழுக்க வைத்ததையும் அவள் ஒப்புக்கொள்கிறாள்.

இன்னொரு கிரேக்கக் கதையில் ஃபிலினியொன் என்ற இளம்பெண் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு, பெற்றோரின் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளி இளைஞனிடம் இரவில் வருகிறாள். பெற்றோர் கண்டுபிடித்ததும், ஏன் தடுத்தீர்கள் என்று அவர்களைக் கடிந்துவிட்டு மறுபடியும் இறந்து விழுகிறாள். அவள் இரத்தம் குடிக்கவில்லை. 1797-இல் ஜேர்மன் கவிஞர் கதே இந்தக் கதையை எடுத்துக் கொரிந்து நகரத்துக்கு மாற்றினார். அவருடைய பெண், அவள் விருப்பத்தைக் கேட்காமல் தாய் கன்னிமடத்துக்கு நேர்ந்துவிட்ட பெண். வாழக் கிடைக்காத வாழ்வைத் தேடிக் கல்லறையிலிருந்து வருகிறாள். காதலனின் இரத்தத்தைக் குடிக்கிறாள். சேர்பியக் கிராமத்தின் வாம்பயரும் கிரேக்கத்தின் இறந்த மணப்பெண்ணும் கதேயின் கையில் ஒன்றாகிவிட்டார்கள்.

கோடை வராத ஆண்டு

அடுத்த திருப்பம் இந்தோனேசியாவில் தொடங்குகிறது. 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தை மறைத்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் மழைக்கு ஒதுங்கி ஐந்து பேர் இருந்தார்கள். கவிஞர் பைரன் பிரபு, கவிஞர் பேர்சி ஷெல்லி, பிறகு அவருடைய மனைவியான மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர், பைரனின் வைத்தியர் யோன் பொலிடோரி. பேய்க்கதை வாசித்து அலுத்தபோது, ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார் பைரன். 18 வயது மேரி எழுதியது ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆனது. அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது பொலிடோரியைப் பற்றி.

பொலிடோரிக்கு அப்போது 20 வயது. தகப்பனார் இத்தாலியிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். மகன் 19 வயதிலேயே எடின்பரோவில் வைத்தியப் பட்டம் பெற்றவர். (படிப்பில் முந்திய, குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. நமக்குத் தெரியாத ஆளா?) எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. பைரனோ அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய நட்சத்திரம். அவருடைய குடும்ப வாழ்க்கை பற்றிய வதந்திகள் லண்டனில் பரவியிருந்தன. ஆனாலும் அவரைப் பார்க்கச் சனம் அலைந்தது. பக்கத்திலேயே இருந்த பொலிடோரிக்குக் கிடைத்தது கேலி. ‘பொலி டொலி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே பைரன் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

பைரன் தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு கதையைப் பொலிடோரி எடுத்துத் தன் போக்கில் எழுதினார். 1819 ஏப்ரலில் அது லண்டன் இதழ் ஒன்றில் ‘வாம்பயர்’ என்ற தலைப்பில் வந்தது. எழுதியவர் பெயர்: பைரன் பிரபு! பைரன் தான் எழுதவில்லை என்றார், பொலிடோரி தான்தான் எழுதினேன் என்றார். பைரனின் பெயர் இருந்தால் விற்கும் என்று பதிப்பாளருக்குத் தெரியும். கதை ஐரோப்பா முழுதும் ஓடியது; அடுத்த ஆண்டே பாரிசிலும் லண்டனிலும் நாடகமானது. பொலிடோரி 1821-இல் 25 வயதில் இறந்தார்.

சத்தியம்

அந்தக் கதைதான் நம் கேள்விக்கு விடை. அதில் வரும் றுத்வென் பிரபு, லண்டனின் பணக்கார வீடுகளெல்லாம் விருந்துக்கு அழைக்கும் ஆள். முகத்தில் நிறமில்லை, கண்ணில் உயிரில்லை. ஆனாலும் எல்லோரும் அவனோடு பேச ஆசைப்படுகிறார்கள். றுத்வென் என்ற பெயர்கூட, பைரனின் முன்னாள் காதலி கரோலின் லாம் அவரைத் தாக்கி எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. கிராமத்து வாம்பயர் இங்கே பிரபு ஆகிவிட்டான். இனி அவன் குழியைத் தோண்டிக்கொண்டு வரத் தேவையில்லை. வாசலால் வருவான், வீட்டுக்காரரே கதவு திறப்பார்கள்.

ஓப்றி என்ற இளைஞன் அவனோடு பயணம் போகிறான். அவனால் குடும்பங்கள் கெடுவதைக் கண்டு விலகுகிறான். கிரேக்கத்தில் ஓப்றி விரும்பிய பெண்ணை ஒரு வாம்பயர் கொல்கிறது. பின்னர் கொள்ளையர் சுட்டதில் றுத்வென் சாகக் கிடக்கிறான். என் சாவையும் நீ கண்ட என் குற்றங்களையும் ஓர் ஆண்டும் ஒரு நாளும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஓப்றியிடம் சத்தியம் வாங்குகிறான். லண்டன் திரும்பினால், இறந்தவன் விருந்து மண்டபத்தில் நிற்கிறான். ஓப்றியின் காதருகே வந்து சத்தியத்தை நினைவுபடுத்துகிறான். ஓப்றிக்கு எல்லாம் விளங்குகிறது, ஆனால் வாய் திறக்க முடியவில்லை. உள்ளேயே வைத்து வைத்து நோயாளி ஆகிறான். விசர் பிடித்துவிட்டது என்று அறையில் அடைக்கிறார்கள். கடைசியில் தங்கைக்குத் திருமணம் என்கிறார்கள். மாப்பிள்ளை யாரென்று பார்த்தால் றுத்வென். கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சுகிறான். விசரனின் பேச்சு என்று யாரும் கேட்கவில்லை. தவணை முடிந்து அவன் உண்மையைச் சொல்லி உயிரை விட, ஆட்கள் ஓடிப் போகிறார்கள். நேரம் கடந்துவிட்டது. தங்கை இல்லை.

இதை மருமகளுக்குச் சொன்னபோது அவள் கோபத்தோடு கேட்டாள்: “ஏமாத்தினவனுக்குக் குடுத்த சத்தியத்தை ஏன் மாமா காப்பாத்த வேணும்?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் கனவானின் வாக்குத் தப்பக்கூடாது என்று ஏதோ சொன்னேன். அவள் ஏற்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி.

பொலிடோரி கண்டுபிடித்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அவர் வைத்தியர், ஒரு கவர்ச்சியான மனிதரோடு மாதக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர். றுத்வெனின் பல்லைப் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை. இரண்டு ஆயுதங்களைப் பற்றி எழுதினார். ஒன்று கவர்ச்சி: அது மற்றவர்களின் சந்தேகத்தை வாயடைக்கிறது. மற்றது சத்தியம்: அது பார்த்தவனின் வாயை அடைக்கிறது. பல் பிறகுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொலிடோரி எழுதிவைத்த நாட்குறிப்பை அவருடைய தங்கை சார்லட் பிரதி எடுத்தார். வெளியில் தெரியக்கூடாது என்று நினைத்த பகுதிகளை விட்டுவிட்டு, மூலத்தை அழித்துவிட்டார். வாய்மூடல் பற்றிக் கதை எழுதியவரின் சொற்களும் இப்படிப் போயின.

கார்மிலாவும் டிராகுலாவும்

1871–72-இல் டப்ளின் எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மிலா’ ஒரு தொடராக வந்தது. டிராகுலாவுக்கு 25 ஆண்டுகள் முன்பு. ஒஸ்திரியாவின் ஸ்டைரியா மாகாணத்தில், காட்டோரக் கோட்டையில் தனிமையில் வளரும் லோராவின் வீட்டருகே ஒரு வண்டி கவிழ்கிறது. பயணம் செய்த பெருமாட்டி, மயங்கிய மகளை மூன்று மாதம் வைத்திருக்கும்படி கேட்கிறாள். ஒரு நிபந்தனை: நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று மகள் சொல்ல மாட்டாள். பாருங்கள், இங்கேயும் மௌனம்தான் முதலில் வீட்டுக்குள் வருகிறது.

ஆனால் லெ ஃபானு சிக்கலான ஒன்றைச் செய்தார். கார்மிலா லோராவை நேசிக்கவும் செய்கிறாள்; லோராவுக்கு அவள் மேல் ஈர்ப்பும் அருவருப்பும் சேர்ந்தே வருகின்றன. ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதை அன்றைய ஆங்கில இலக்கியம் நேராகச் சொல்ல முடியாது. பேயின் வாயால் சொல்லலாம், ஆனால் முடிவில் அந்தப் பேயைக் கொன்றாக வேண்டும். கொல்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்தும், கார்மிலாவின் காலடி வாசலில் கேட்பதுபோல லோராவுக்குத் தோன்றுகிறது. அது பயமா ஏக்கமா என்று அவள் பிரித்துச் சொல்வதில்லை.

1897-இல் வந்த பிறாம் ஸ்டோக்கரின் டிராகுலா, நீங்கள் நினைப்பதுபோல அழகன் அல்ல. வெள்ளை மீசை வைத்த கிழவன். உள்ளங்கையில் மயிர், மூச்சில் நாற்றம். பகலில் நடமாடவும் செய்வான். வெயில் பட்டு வாம்பயர் சாவது 1922-இல் வந்த ‘நொஸ்ஃபெராட்டு’ திரைப்படத்தோடு வந்த வழக்கம். டிராகுலாவை விருந்து உடையும் நீண்ட மேலங்கியும் போட்ட கனவானாக மாற்றியது 1920-களின் நாடக மேடை. அவன் மேடையில் ஒரு வரவேற்பறைக்குள் வந்து கைகுலுக்க வேண்டியிருந்தது. அந்த வேடத்தில் நியூயோர்க் மேடையில் நடித்த பேலா லுகோசியே 1931 திரைப்படத்திலும் நடித்தார். இப்படி, பொலிடோரியின் பிரபு டிராகுலாவின் பெயரில் திரும்பி வந்தான்.

கடைசியாக

மருமகளின் முதல் கேள்விக்கு இப்போது என் பதில் இது. வாம்பயர் வடிவாகப் பிறக்கவில்லை. நோயைக் கண்டு பயந்த ஏழைக் கிராமங்களில் அது ஊதிய பிணமாகத்தான் இருந்தது. படித்தவர்கள் அதை எடுத்து, தாங்கள் நேராகச் சொல்ல முடியாதவற்றை அதன் மேல் போர்த்தினார்கள்: மறுத்த பெண் மீது வந்த கோபம், வாழ விடாத குடும்பத்தின் மீது மகளின் ஏக்கம், செல்வாக்குள்ள ஒருவர் செய்வதைப் பார்த்தும் பேச முடியாத நிலை, பெயர் சொல்ல முடியாத காதல்.

எனவே வாம்பயர் தொடர் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் பார்ப்பேன். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது அழகான முகத்தை விட்டுவிட்டு, யார் யாரிடம் “ஒருத்தருக்கும் சொல்லாதே” என்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த வசனம் கட்டாயம் வரும்.

திரையை விட்டு வெளியிலும் அது வரும். வயதில் மூத்த, எல்லோருக்கும் பிடித்த, உங்கள் அம்மா அப்பாவே புகழும் ஒருவர் அதைச் சொல்லலாம். கைபேசியில் வரலாம். நம் வீடுகளில் ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற பயம் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. அவருக்கு வேலை சுலபம். அப்போது ஓப்றியை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கெட்டவன் அல்ல, கோழையும் அல்ல. கொடுக்கத் தேவையில்லாத ஒரு சத்தியத்தைக் காப்பாற்றினான். ஓர் ஆண்டும் ஒரு நாளும் காத்திருந்தான்.

நீங்கள் காத்திருக்க வேண்டாம். சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 15 வயதுப் பிள்ளை ஒருத்தி அரை நிமிடத்தில் கண்டுபிடித்ததுதான் உண்மை: ஏமாற்றியவனுக்குக் கொடுத்த சத்தியம் சத்தியமே அல்ல.